வட்டாரத் திட்டமிடலும் ஊர் எல்லையும்: ஒரு திறனாய்வு

ஊரக வளர்ச்சி பற்றி நம் நாட்டில் 1952 முதல் வெளிவந்துள்ள அரசு அறிக்கைகளையும் வழிகாட்டு நெறிகளையும் வரிசையாகப் படிப்போர்க்கு ஒரு சொல் மீண்டும் மீண்டும் கண்ணில் படும். ‘உதவி’ என்பதே அச்சொல். தொழில்நுட்ப உதவி, திட்டமிடல் உதவி, ஆலோசனை உதவி எனப் பல அடைமொழிகளோடு அது வருகிறது. மாவட்டமோ வட்டாரமோ அறிவு உடையது. ஊர் தேவை உடையது. அறிவு மேலிருந்து இறங்கி வந்து தேவையைச் சந்திக்க வேண்டும் என்பதே இச்சொல்லின் உட்கிடை. இதனை ஆராயாமல் ஏற்றுக்கொண்டோர் அரசு அலுவலர் மட்டுமல்லர். திருமண்டலங்களின் வளர்ச்சிப் பணித்துறைகளும், இறையியல் கல்லூரிகளின் ஊரகப் பணிப் பாடங்களும் பெரும்பாலும் இதே அடித்தளத்தின் மீதே எழுப்பப்பட்டுள்ளன. ஆகவே இதனைத் திறனாய்வு செய்வது பொருளாதார அறிஞர்க்கு மட்டும் உரிய பணி எனக் கருதி நாம் ஒதுங்கி நிற்க இயலாது.

இதற்கு இரு நூல்களை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, ஆல்பர்ட் மேயரும் அவருடைய துணைவர்களும் எழுதி 1958இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘பைலட் பிராஜெக்ட், இந்தியா’. மற்றொன்று, தாமஸ் ஐசக் அவர்கள் ரிச்சர்ட் ஃபிராங்கியுடன் எழுதி 2000இல் வெளிவந்த ‘லோக்கல் டெமாக்ரசி அண்டு டெவலப்மெண்ட்’. முதல் நூல் உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தையும், இரண்டாவது கேரளத்தின் மக்கள் திட்ட இயக்கத்தையும் பற்றியது. தாம் விவரிக்கும் முயற்சிக்கு வெளியே நின்றவர்களின் நூல்கள் அல்ல இவை. மேயர் எட்டாவாப் பணியைத் தொடங்கி வைத்தவர். ஐசக் கேரள இயக்கத்தை வடிவமைத்தவர்களுள் ஒருவர். இவற்றின் வலிமையும் குறைபாடும் இதிலிருந்தே பிறக்கின்றன.

மேயர் நியூயார்க்கைச் சேர்ந்த கட்டிடக் கலைஞர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையின் பொறியாளராக இந்தியா வந்தவர், 1945இல் நேருவைச் சந்தித்தார். அதன் விளைவாக 1948இல் எட்டாவா மாவட்டத்தின் மகேவாவை மையமாகக் கொண்டு 64 ஊர்களில் பணி தொடங்கியது. பின்னர் அது 97 ஊர்களாக விரிந்தது. அவரது அமைப்பில் ஒவ்வொரு சில ஊர்களுக்கும் ஓர் ஊர்நிலைப் பணியாளர் இருந்தார். அவர் எத்துறைக்கும் உரியவரல்லர். எல்லாத் துறைக்கும் ஊரின் முகமாக நின்றவர். வேளாண்மை, கால்நடை, கூட்டுறவு முதலிய துறைகளின் வல்லுநர்கள் அவருக்குப் பின்னால் நின்று கேட்டபோது உதவினர். பஞ்சாப் 591 என்னும் கோதுமை விதையும் பசுந்தாள் உரமும் இவ்வழியாகவே அங்குப் பரவின.

இந்நூலின் சிறப்பு, அது பெரும்பாலும் அக்காலத்துக் கடிதங்களாலும் குறிப்புகளாலும் ஆனது என்பதே. வெற்றி உறுதியாகும் முன் எழுதப்பட்டவை ஆதலால் அவற்றில் ஐயமும் சலிப்பும் மறைக்கப்படாமல் நிற்கின்றன. மேயரின் மிக ஆழ்ந்த கருத்தும் இக்கடிதங்களிலேயே உருவாகிறது. அதனை ‘உள்மக்களாட்சி’ என நாம் தமிழில் சொல்லலாம். தன் கீழ்ப் பணியாளரை நிற்க வைத்து அதட்டும் அலுவலர் குடியானவரிடம் சென்று பொறுமையோடு கேட்பார் என எதிர்பார்ப்பது வீண். அலுவலகத்திற்குள் இல்லாத மக்களாட்சியை ஊருக்குள் விதைக்க முடியாது என்பது அதன் சாரம். எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் இக்கூற்று பழமையடையவில்லை. திருமண்டல அலுவலகங்களுக்கும் இதனைப் பொருத்திப் பார்ப்பதில் தவறில்லை.

ஆயினும், நூல் முழுவதும் படித்தபின் ஒரு கேள்வி எஞ்சுகிறது. விதை பெறுவதற்கு வயல் வேண்டும். உரம் இடுவதற்கும் வயல் வேண்டும். வயல் இல்லாதோர்க்கு எட்டாவா என்ன கொடுத்தது? மேயர் ஊரை ஒரு முழுமையாகக் காண்கிறார்; ஊர்க்கூட்டம் என்பது ஊர் முழுவதின் குரல் என நம்புகிறார். வடநாட்டு ஊரின் தெற்கு மூலையில் ஒதுக்கப்பட்ட குடியிருப்புகள் அவர் கண்ணில் படாதவை அல்ல. ஆனால் அவை அவருடைய திட்ட அமைப்பை மாற்றவில்லை. மற்றொன்றையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். எட்டாவாவில் ஊராரின் விருப்பமே முதன்மை என்று வாதாடிய இதே மேயர், அதே ஆண்டுகளில் சண்டிகார் நகரத்தின் முதல் வரைவுத் திட்டத்தையும் தயாரித்தார். அந்நகருக்காகப் பல ஊர்கள் அகற்றப்பட்டன. ஒருவரே ஒரு மேசையில் ஊரைக் கேட்கவும் மற்றொரு மேசையில் ஊரை அழிக்கவும் கூடியவராயிருந்தார் என்பது அவர்மீது பழி சுமத்துவதற்கன்று. திட்டமிடுவோரின் நல்லெண்ணம் எந்த மக்களுக்கும் காவலாகாது என்பதை இது காட்டுகிறது.

எட்டாவாவின் அனுபவத்தை முன்வைத்து 1952 அக்டோபர் 2 அன்று 55 சமுதாய வளர்ச்சித் திட்டங்கள் நாடெங்கும் தொடங்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 300 ஊர்களையும் இரண்டு இலட்சம் மக்களையும் உள்ளடக்கியது. விரைவு கூடியபோது கேட்கும் பழக்கம் குறைந்தது. கிராம சேவக்கின் கையில் இலக்குப் பட்டியல் கொடுக்கப்பட்டது. எத்தனை உரக்குழி, எத்தனை புகையில்லா அடுப்பு என எண்ணுவதே பணியாயிற்று. 1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழு, இத்திட்டம் மக்களின் முனைப்பைத் தூண்டவில்லை எனக் கண்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்றடுக்கு அமைப்புகளைப் பரிந்துரைத்தது. சென்னை மாநிலம் 1958இல் சட்டமியற்றி, வளர்ச்சி வட்டாரங்களையே ஊராட்சி ஒன்றியங்களின் எல்லையாக்கிற்று. அசோக் மேத்தா குழு, தாந்த்வாலா குழு (இரண்டும் 1978), அனுமந்தராவ் குழு (1984) என அறிக்கைகள் தொடர்ந்தன. அவற்றை இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. ஏறக்குறைய எல்லாம் ஒன்றையே கூறின: வட்டாரத்திலும் மாவட்டத்திலும் திட்டமிடும் திறன் போதாது, வல்லுநர்களை அனுப்புக. திறன் போதாமை எப்போதும் கீழேதான் காணப்பட்டது என்பது நம் கவனத்திற்குரியது.

இக்காலத்தில் வல்லுநர் கையாண்ட கருவிகளுள் ஒன்றைப் பற்றி மட்டும் சற்று விரிவாகக் கூற வேண்டும். ஜெர்மானியப் புவியியலாளர் வால்டர் கிறிஸ்டாலர் 1933இல் தென் ஜெர்மனியின் ஊர்களை ஆராய்ந்து வகுத்த மைய இடக் கோட்பாடு அது. மக்கள் ஒரு பண்டத்துக்கோ பணிக்கோ எவ்வளவு தொலைவு செல்வர் என்பதைக் கொண்டு சிற்றூர், பேரூர், நகர் என்னும் படிவரிசையை அது விளக்கியது. வரைபடத்தில் அது அழகிய அறுகோணங்களாகத் தோன்றும். நம் நாட்டில் இதனை அடியொற்றி வளர்ச்சி மைய ஆய்வுகள் நடந்தன. ஐதராபாத்தில் இருந்த தேசிய சமுதாய வளர்ச்சி நிறுவனம் மிரியாலகுடா வட்டத்தில் நிகழ்த்தி 1971இல் வெளியிட்ட ஆய்வு இவற்றுள் புகழ்பெற்றது. மருத்துவமனை எங்கே, உயர்நிலைப்பள்ளி எங்கே, சந்தை எங்கே எனத் தனித்தனித் துறைகள் மனம்போனபடி முடிவு செய்துவந்த நாட்டில், இவற்றை ஒரே வரைபடத்தில் சேர்த்துப் பார்க்கக் கற்பித்தது பெரும் பயனே. இதனை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அறுகோணத்தில் தொலைவு மட்டுமே உண்டு, தெரு இல்லை. மூன்று கிலோமீட்டர் தொலைவில் உள்ள மருத்துவமனை வரைபடத்தில் எல்லார்க்கும் மூன்று கிலோமீட்டரே. அங்குச் செல்லும் வழி ஊர்த்தெருவின் வழியாகப் போகிறது என்றால், அத்தெருவில் மிதிவண்டியை விட்டு இறங்கி நடக்க வேண்டியவனுக்கு அத்தொலைவு வேறு. தண்ணீர்த் தொட்டி ஊரின் நடுவில் அமைவதே ‘சமதூரம்’ எனக் கணக்குச் சொல்லும். ஊரின் நடு என்பது யாருடைய நடு என்று கணக்குக் கேட்பதில்லை. வட்டாரத் திட்டமிடல் என்னும் அறிவியல் நம் நாட்டில் தடுமாறிய இடம் இதுவே என நாம் கருதுகிறோம்.

தென் மாவட்டம் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நாம் அமர்ந்திருந்த கிராம சபைக் கூட்டம் இங்கு நினைவுக்கு வருகிறது. ஓவர்சியர் மதிப்பீட்டுத் தாளோடு வந்திருந்தார். பிரதான தெருவிற்குச் சிமெண்டு வாய்க்கால் அமைப்பது பற்றிய தீர்மானம் வாசிக்கப்பட்டது. நீளம், அகலம், தொகை எல்லாம் சரியாக இருந்தன. கூட்டத்தின் பின்னால், தரையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து, “சார், இந்தத் தண்ணி கடைசில எங்க போய் விழும்?” என்று கேட்டார். ஓவர்சியர் தாளைப் புரட்டிப் பார்த்தார். மதிப்பீடு தெருமுனையோடு முடிந்திருந்தது. தெருமுனைக்கு அப்பால் இருந்தது காலனி. “அது அடுத்த ஆண்டுத் திட்டத்துல வரும், ஆத்தா” என்றார் அவர். பதிவேட்டில் தீர்மானம் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டதாக எழுதப்பட்டது. அவ்விடத்தில் வல்லுநர் யார்? வாய்க்காலின் சரிவைக் கணக்கிடத் தெரிந்தவரா, தண்ணீர் எங்கே தேங்கும் என மழைக்காலந்தோறும் கண்டவரா? இருவரும் வேண்டும். ஆனால் ஒருவருடைய அறிவுக்கு மட்டுமே தாளில் இடம் உண்டு.

அலகு எது என்பதும் இத்தகைய ஒரு கேள்வியே. 2006 முதல் 2011 வரை தமிழகத்தில் நடைபெற்ற அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஒவ்வோர் ஊராட்சிக்கும் சமமாக 20 இலட்ச ரூபாய் ஒதுக்கியது. சமம் என்பது நீதி போலவே தோன்றும். ஆனால் சில ஊராட்சிகளில் இரண்டு மூன்று குக்கிராமங்களே உண்டு. மலைப்பகுதி ஊராட்சிகளிலோ அவை முப்பதையும் தாண்டும். தலைக்கிராமம் பெற்றுக்கொண்டபின் கடைக்கோடிக் குடியிருப்புக்கு மிஞ்சியது என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2011இல் தொடங்கப்பட்ட ‘தாய்’ என்னும் திட்டம் இதனை உணர்ந்து, ஊராட்சியை விட்டு, ஏறத்தாழ 79,000 குக்கிராமங்களையே அலகாகக் கொண்டது. ஆட்சிகள் மாறுவதால் பெயர்கள் மாறுவதை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். ஆனால் இம்மாற்றத்தில் பெயரைவிடப் பெரிய ஒன்று இருந்தது. அதற்குப் பின்னும் குக்கிராமத்துக்குள் தெரு என்னும் அலகு உண்டு என்பது வேறு.

இனிக் கேரளத்துக்கு வருவோம். 1996 ஆகஸ்டு 17 அன்று, மலையாள ஆண்டின் முதல் நாளில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒப்படைத்தது. திறன் வந்தபின் அதிகாரம் கொடுப்போம் என்னும் பழைய வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் பணத்தையும் அதிகாரத்தையும் கொடுத்துவிட்டு, திறன் பின்னால் வரட்டும் என்று துணிந்தது அது. ஐசக்-ஃபிராங்கி நூலின் நடுநாடி இத்துணிவே. கிராம சபைகள், சிறு குழு விவாதங்கள், ஒவ்வோர் ஊராட்சியும் தன் வரலாற்றையும் வளங்களையும் ஆய்ந்து எழுதிய வளர்ச்சி அறிக்கை, அதன்மீது கருத்தரங்கு, பின் பணிக்குழுக்கள் என 990 கிராம ஊராட்சிகளிலும் படிப்படியாக நடந்ததை நூல் விரிவாகக் கூறுகிறது. ஊர் தன்னைப் பற்றித் தானே ஒரு நூல் எழுதுவது என்பது நம் நாட்டுத் திட்டமிடல் வரலாற்றில் புதியது. அவற்றுள் பல திறமாகவும், சில அவசரமாகவும் எழுதப்பட்டன என்பது இயல்பே.

உதவி என்னும் சொல்லுக்கு இவ்வியக்கம் கொடுத்த புதுப் பொருளே நமக்கு மிக முக்கியமானது. முதலாண்டில் ஊராட்சிகள் தீட்டிய திட்டங்களில் பலவற்றில் தொழில்நுட்பக் குறைகள் காணப்பட்டன. மதிப்பீடு பொருந்தவில்லை, சில இடங்களில் பழைய துறைத் திட்டங்களே பெயர் மாற்றி எழுதப்பட்டிருந்தன. பழைய முறையில் இது நடந்திருந்தால், பார்த்தீர்களா, மக்களுக்குத் திட்டமிடத் தெரியாது எனக் கூறி அதிகாரம் திரும்பப் பெறப்பட்டிருக்கும். கேரளத்தில் அவ்வாறு செய்யாமல், ஓய்வுபெற்ற பொறியாளர், மருத்துவர், வேளாண் அலுவலர், ஆசிரியர் ஆகியோரைத் தன்னார்வத் தொழில்நுட்பப் படையாகத் திரட்டினர். அவர்கள் ஊராட்சித் திட்டங்களைத் திருத்த உதவினர். ஆனால் முன்னுரிமையை மாற்றும் உரிமை அவர்களுக்கு இல்லை. எது முதலில் என்பதை ஊர் சொல்லும். எப்படி என்பதை வல்லுநர் சொல்வர். இச்சிறு வேறுபாட்டை நிலைநாட்டுவதற்கு எவ்வளவு சண்டை நடந்தது என்பதையும் நூல் மறைக்கவில்லை. 2001இல் ஆட்சி மாறியபின் இயக்கத்தின் பெயரும் நடைமுறைகளும் மாற்றப்பட்டன. எனினும் உள்ளாட்சிக்கு நிதி ஒப்படைப்பு முற்றும் கைவிடப்படவில்லை என்பதே அது வேரூன்றியதற்குச் சான்று.

இவ்வளவு கூறியபின், இந்நூலின் குறையையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வட்டாரம் என்னும் நடுத்தளம் இதில் மெலிந்து கிடக்கிறது. நீர் ஊராட்சி எல்லையை அறியாது. மேல் ஊராட்சி ஓடையை மறித்தால் கீழ் ஊராட்சியின் கிணறு வற்றும். ஒவ்வோர் ஊராட்சியும் தன் நிதியை வட்டங்களுக்குப் பங்கிட்டுச் சாலை போட்டபோது, இரண்டு மூன்று ஊராட்சிகள் கூடிச் செய்ய வேண்டியவை பின்தங்கின. மேயரிடம் வட்டாரம் மிகுந்து ஊர் குறைந்தது. இங்கு ஊர் மிகுந்து வட்டாரம் குறைந்தது எனலாம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கேரள வளர்ச்சியின் நடுப்போக்கிலிருந்து விலகி நிற்போர் என மீனவ மக்களைப் பற்றி ஜான் குரியன் 1995இல் எழுதிய கட்டுரை ஆய்வாளரிடையே நன்கு அறியப்பட்டது. பழங்குடி மக்களின் நிலையும் அதுவே. ஊராட்சியில் அவர்கள் சிறுபான்மையர். பழங்குடி நலனுக்கான நிதியே ஊராட்சிக்கு ஒப்படைக்கப்பட்டபோது, அதன் செலவைத் தீர்மானிக்கும் கிராம சபையில் அவர்கள் குரல் கைகளின் எண்ணிக்கையில் மூழ்கியது. குடியிருப்புதோறும் அவர்களுக்கென ‘ஊருக்கூட்டம்’ அமைக்கப்பட வேண்டியதாயிற்று. ஆனால் அவர்களுடைய முதற்கேள்வி செலவைப் பற்றியதன்று, நிலத்தைப் பற்றியது. நிலம் எந்த ஊராட்சியின் திட்டத்திலும் ஒரு தலைப்பாக இல்லை. 2003 பிப்ரவரியில் வயநாட்டின் முத்தங்காவில் நிலம் கேட்டுக் காட்டில் குடியேறிய ஆதிவாசிகள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. மக்கள் திட்டமிடலில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலத்தில் அது நடந்தது. ஐசக்-ஃபிராங்கி நூல் இதற்கு மூன்றாண்டு முன் வந்தது. ஆதலால் இதனை அது கூறவில்லை எனக் குறை சொல்வது முறையன்று. ஆயினும் பங்கேற்பு என்னும் சொல் நூலில் பெறும் இடத்தையும் நிலம் என்னும் சொல் பெறும் இடத்தையும் ஒப்பிட்டால், முத்தங்காவின் நிழல் அப்போதே அங்கு விழுந்திருந்தது தெரியும்.

தமிழகத்தின் நிலையோ வேறு வகையானது. 73ஆம், 74ஆம் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தன. மாவட்டத் திட்டக் குழுவின் உறுப்பினருள் ஐந்தில் நான்கு பங்கினர் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி உறுப்பினரிடையேயிருந்து வர வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243 இசட்.டி. உறுப்பு. ஆனால் 2016 முதல் 2019 முடிய இம்மாநிலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளே இல்லை; தனி அலுவலர்களே இருந்தனர். ஒன்பது மாவட்டங்களின் ஊரகப் பகுதிகள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. ஊரே இல்லாதபோது வட்டாரம் யாருக்கு உதவுவது? இதே ஆண்டுகளில்தான் பதினான்காம் நிதிக்குழுவின் மானியத்தைப் பெறும்பொருட்டுக் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் ஒவ்வோர் ஊராட்சிக்கும் கட்டாயமாக்கப்பட்டது. திட்டங்கள் ஆண்டுதோறும் தயாரிக்கப்பட்டன; 2020 முதல் மின்கிராம சுவராஜ் என்னும் இணையதளத்தில் ஏற்றப்பட்டன. பதினைந்தாம் நிதிக்குழு 2021-26 காலத்திற்கு ஒதுக்கிய ஊரக மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் தூய்மைக்கும் என முன்னரே கட்டப்பட்டிருந்தது. குடிநீரும் தூய்மையும் வேண்டாம் என்பார் இல்லை. ஆனால் பட்டியலில் உள்ளவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்துக் கணினியில் பதிவதும் திட்டமிடுதலும் ஒன்றல்ல.

திருச்சபையின் வரலாற்றில் இவ்வகை உதவிக்கு முன்மாதிரிகள் இல்லாமலில்லை. அமெரிக்கரான ஸ்பென்சர் ஹேட்ச் அன்றைய திருவிதாங்கூரின் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் நடத்திய ஊரக மறுசீரமைப்பு மையம் பலரும் அறிந்ததே. தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு, கூட்டுறவு விற்பனை என மக்கள் தம் கையாலேயே செய்ய, நெருங்கிய நிபுண ஆலோசனை துணைநிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1932இல் அவர் எழுதி வெளியிட்ட நூல் நம் கல்லூரி நூலகங்களில் இன்னும் கிடக்கக்கூடும். எட்டாவாவுக்குக் கால் நூற்றாண்டு முன்னர் அவர் கண்டது இது. மார்த்தாண்டத்துத் தேன் இன்றும் பெயர் பெற்றிருப்பதை எண்ணினால் அப்பணியை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

ஆயினும் நாம் மேலும் முக்கியமெனக் கருதுவது அதற்கும் முற்பட்ட ஒன்று. 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் செங்கற்பட்டு மாவட்டத்தில், ஸ்காத்லாந்து சுயாதீனச் சபையைச் சேர்ந்த ஆதாம் ஆண்ட்ரூவும், வெஸ்லியன் சபையைச் சேர்ந்த வில்லியம் கௌடியும் பறையர் மக்களின் நிலமற்ற நிலையைப் பற்றி அரசுக்கு எடுத்துரைத்து வந்தனர். சேரியில் இருந்தோர் தரிசு நிலத்துக்கு மனுச் செய்தால் மிராசுதாரர் எவ்வாறு தடுத்தனர் என்பதை அவர்கள் சேரியிலிருந்தே அறிந்தனர். மாவட்ட ஆட்சியர் டிரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கையும், அதன் தொடர்ச்சியாக 1892இல் பிறந்த அரசாணையும், பின்னர் பஞ்சமி நிலம் எனப் பெயர் பெற்ற ஒப்படைப்புக்கு வழிவகுத்தன. ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் எனச் சொல்லப்படும் அந்நிலத்தில் பெரும்பகுதி பின்னர் பிறர் கைக்குப் போனதும், 1994இல் செங்கற்பட்டுப் பகுதியின் காரணையில் அதனை மீட்கும் போராட்டத்தின் தொடர்ச்சியாக இருவர் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்ததும் நாம் அறிந்தவை. அம்மிஷனெரிகளின் நோக்கங்களில் கலப்பு இருந்தது. சாதியைப் பற்றிய அவர்கள் எண்ணங்கள் எல்லாவற்றையும் இன்று நாம் ஏற்கவியலாது. ஆனால் உதவி அங்கு எத்திசையில் சென்றது என்பதைக் கவனிக்க வேண்டும். மாவட்டம் அறியாததைச் சேரி அறிந்திருந்தது. அவ்வறிவை மாவட்டத்திற்கு ஏற்றிச் செல்வதே ஆயரின் பணியாயிற்று.

நம் பிரசங்கங்களில் திட்டமிடுதல் பற்றிப் பேசும்போது யோசேப்பும் நெகேமியாவும் தவறாமல் வருவர். யோசேப்பை ஆதியாகமம் 41ஆம் அதிகாரத்தோடு நிறுத்திவிடுகிறோம். ஏழு ஆண்டு விளைவில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து, பஞ்ச காலத்துக்கு வைத்த ஞானி அவர். 47ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படித்தால் கதை வேறாகிறது. களஞ்சியத்தின் தானியத்துக்கு மக்கள் முதலில் பணத்தையும், பின் ஆடுமாடுகளையும், பின் நிலத்தையும், இறுதியில் தங்களையுமே கொடுக்கிறார்கள். தங்கள் வயலில் விளைந்து தங்களிடமிருந்து திரட்டப்பட்ட தானியத்தையே விலைக்கு வாங்கி அவர்கள் பார்வோனுக்கு அடிமைகளாகிறார்கள். உயிர் காக்கப்பட்டது, அவர்களும் நன்றி சொன்னார்கள். திட்டத்தின் நுட்பத்தில் பழுதில்லை. களஞ்சியத்தின் திறவுகோல் யார் கையில் என்பதிலேயே எல்லாம் அடங்கியிருந்தது. அங்கேயே மற்றொரு குறிப்பும் உண்டு: ஆசாரியரின் நிலம் மட்டும் வாங்கப்படவில்லை, அவர்களுக்கு அரண்மனைப் படி கிடைத்தது. குருத்துவப் பணியில் உள்ளோர் இவ்வசனத்தின்மீது பிரசங்கித்து நாம் கேட்டதில்லை.

நெகேமியாவின் மூன்றாம் அதிகாரம், அவரவர் வீட்டுக்கு எதிரே உள்ள மதிலை அவரவர் பழுதுபார்த்ததைச் சொல்வதால் பங்கேற்புத் திட்டமிடலுக்கு ஏற்ற பாடமாகிறது. தெக்கோவாவின் பிரபுக்கள் கழுத்துக் கொடுக்க மறுத்ததும் அங்கே பதிவாகியுள்ளது. ஆனால் ஐந்தாம் அதிகாரத்தில், மதில் எழும்பிக்கொண்டிருக்கும்போதே, நிலத்தை ஈடுவைத்துப் பிள்ளைகளை அடகு வைத்தோரின் கூக்குரல் எழுகிறது. மதில் கட்டும் திட்டத்தில் கடன் பற்றிய தலைப்பு இல்லை. ஆயினும் நெகேமியா கோபங்கொண்டு, பெரியதொரு சபையைக் கூட்டி, வயல்களைத் திருப்பிக் கொடுக்கச் செய்கிறார். மூன்றாம் அதிகாரம் பிரசங்கிக்கப்படும் அளவுக்கு ஐந்தாம் அதிகாரமும் பிரசங்கிக்கப்படுமாயின் நலம்.

திருமண்டலங்கள் 1960கள் முதல் வெளிநாட்டுத் திருச்சபை நிறுவனங்களின் துணையோடு கிணறுகள் தோண்டி, தொழிற்பயிற்சிப் பள்ளிகள் கட்டி, கடன் குழுக்கள் அமைத்து வந்துள்ளன. அவற்றால் விளைந்த நன்மையை அறியாதவர் அவற்றைக் குறை கூறுவது எளிது. எனினும் திட்ட விண்ணப்பம் எந்த மொழியில் எழுதப்பட்டது, யாருக்கு விளங்கும்படி எழுதப்பட்டது என்று கேட்டால், அது ஊருக்கு விளங்கும்படி எழுதப்படவில்லை என்பதே விடை. அரசின் வட்டாரத் திட்டத்தோடும் அது பெரும்பாலும் இணையவில்லை. ஒரே ஊரில் அரசின் தொட்டி ஒன்றும் மிஷன் தொட்டி ஒன்றும் நிற்க, இரண்டுக்கும் நீர் தரும் ஏரியைத் தூர்வாருவார் இல்லை என்பது நாம் பல இடங்களில் கண்ட காட்சி.

ஆகவே ஊரகச் சேகரங்களில் பணியாற்றும் ஆயர்களையும், களப்பணிக்குச் செல்லும் மாணவர்களையும் நாம் வேண்டிக்கொள்வது பெரிதொன்றுமன்று. புதிய திட்டம் ஒன்றை எழுதுமுன், ஏற்கெனவே எழுதப்பட்ட ஊராட்சித் திட்டத்தைப் படியுங்கள். இம்மாநிலத்தில் 2022 முதல் கிராம சபைக்கு ஆண்டுக்கு ஆறு நாட்கள் குறிக்கப்பட்டுள்ளன; அவற்றுக்கு முந்திய மாலை காலனியில் அமர்ந்து, அங்குள்ளோர் கேட்க விரும்புவதை அவர்கள் சொற்களிலேயே எழுதிக் கொடுங்கள். பதிவேட்டில் அது ஏறியதா எனக் கூட்டம் முடிந்தபின் பாருங்கள். நம் களப்பணி அறிக்கைகள் இப்போது மக்கள்தொகையிலும் கோயிலின் தல வரலாற்றிலும் தொடங்குகின்றன. அவற்றோடு ஊரின் புல எண்களையும் சேர்ப்பது நன்று. நிலம் யார் பெயரில் உள்ளது என்பதற்குக் கிராம ‘அ’ பதிவேடு உண்டு. முன்னர் யார் பெயரில் இருந்தது என்பதற்கு, யூ.டி.ஆர். எனப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்திற்கு முந்தைய பதிவேடுகள் உண்டு. ஊராட்சித் திட்டத்தையும் இவற்றையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒரு மாணவருக்கு இரண்டு நாட்கள் போதும்.